பரிசுப் பட்டியலில் இல்லாத பிள்ளைகள்

தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு விழா மலர்களைப் புரட்டிப் பார்க்கும் அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். விளம்பரங்களுக்குப் பின்னர், வரவு செலவுக் கணக்கிற்குச் சற்று முன்னர், 'விளையாட்டுப் போட்டிகளிற் பரிசு பெற்ற சிறுவர் சிறுமியர்' என்றொரு பட்டியல் தவறாது இடம்பெறும். ஐம்பது மீட்டர் ஓட்டம், சாக்கு ஓட்டம், கரண்டியில் எலுமிச்சம்பழம் ஏந்தி ஓடுதல் என ஒவ்வொன்றிற்கும் முதல்வர், இரண்டாமவர், மூன்றாமவர் ஆகியோரின் பெயர்கள் அச்சாகியிருக்கும். ஆண்டு மாறினாலும் அப்பெயர்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஓடியவர் நாற்பது பேர் எனில், எஞ்சிய முப்பத்தேழு பேரின் பெயரை எந்த மலரும் தாங்கியதில்லை. அவர்கள் மறு ஆண்டும் ஓட வந்தார்களா என்று நாம் விசாரித்ததும் இல்லை.

ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து காலனிகளிற் குடியமர்ந்த நாம், பிள்ளைகளின் பொருட்டு மேற்கொள்ளும் சிரமம் சிறிதன்று. ஞாயிறு காலைத் தமிழ் வகுப்பிற்கு அனுப்புகிறோம். பாட்டிற்கும் பரதத்திற்கும் ஆசிரியரைத் தேடிப் பிடிக்கிறோம். குரல் சுமாராக இருந்தாலும் குழந்தை பாட்டுக் கற்கட்டும் என்கிறோம். விளையாட்டிற்கு வரும்போது மட்டும், "கெட்டிக்காரனாக இருந்தால் ஆடட்டும், இல்லையேல் படிக்கட்டும்" என்று ஒரு நிபந்தனை நம் வாயில் தோன்றிவிடுகிறது. இந்நிபந்தனை நம் நாட்டில் எவ்வாறு வேரூன்றியது, அதற்கு மாறாக எண்ணியோர் யாவர், அவர்கள் எண்ணம் என்னவாயிற்று என்பவற்றைப் பார்ப்போம்.

1890-ஆம் ஆண்டின் இறுதியில், ஸ்ரீநகரிலிருந்த கிறிஸ்தவ சங்கப் பள்ளிக்கு டிண்டேல்-பிஸ்கோ என்னும் ஆங்கிலேயர் ஆசிரியராக வந்தார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் படகுக் குழுவிற்குச் சுக்கான் பிடித்தவர் அவர். உடலை வருத்தி ஓடுவதும் துடுப்புப் போடுவதும் தாழ்ந்த காரியம் என்று உயர்குடிப் பிள்ளைகள் எண்ணிய காலம் அது. மறு ஆண்டு பிஸ்கோ ஒரு கால்பந்தைக் கொண்டுவந்து காட்டினார். அது தோலாலானது என்றறிந்ததும் மாணவர் தொட மறுத்தனர். அவர் விடவில்லை, ஆசிரியர்களை மைதானத்தின் ஓரத்திற் காவல் நிறுத்தி, ஆட்டத்தைத் தொடங்கியே தீரவேண்டும் என்றார். பந்து ஒரு பையனின் முகத்திற் பட்டது. தீட்டாயிற்று என்று அவன் கதறினான். வாய்க்காலில் முழுக்காட்டி அழைத்துவரச் சொல்லி, ஆட்டத்தை மேலே நடத்தினார்.

அதட்டி ஆடவைத்த அம்முறையை நாம் போற்றவில்லை. ஆயினும் அவர் செய்த மற்றொரு காரியம் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஜீலம் நதியும் ஏரிகளும் சூழ்ந்த அவ்வூரிற் படகு கவிழ்ந்து மடிவோர் பலர். ஆதலின் குறித்த வயதிற்குள் நீந்தக் கற்காத மாணவனுக்குப் பள்ளிக் கட்டணத்தை உயர்த்தினார். வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறிற்று. நன்றாக நீந்துபவனுக்குப் பதக்கம் அளிப்பது எளிது. அதை எல்லாரும் செய்வர். நீந்தாதவன் வீட்டுப் பணப்பையைத் தொட்டு, கடைசிப் பையனையும் தண்ணீரில் இறக்கியவர் இவர் ஒருவரே என்று தோன்றுகிறது.

இவ்வெண்ணம் ஒரு பள்ளியோடு நில்லாமல் நாடெங்கும் பரவ வழி செய்தது நம் சென்னை மாநகரம். 1919-இல் அமெரிக்காவிலிருந்து அங்கு வந்த ஹாரி குரோ பக் என்பவர், மறு ஆண்டே ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். தொடங்கியபோது அதற்கு இருந்தவை ஓர் ஓலைக் கொட்டகையும் விரல்விட்டு எண்ணத்தக்க மாணவருமே. பின்னர் அது அடையாற்றின் கரையில், நந்தனத்திற் பரந்த நிலத்திற்கு இடம்பெயர்ந்தது. நூறாண்டு கடந்து இன்றும் அங்கே இயங்கி வருகிறது.

அக்கல்லூரி வீரரை உருவாக்க எழுந்த கூடமன்று. ஆசிரியரை உருவாக்க எழுந்த கூடம். ஒரு வீரனைப் பயிற்றினால் ஒரு பதக்கம் கிடைக்கலாம். ஓர் ஆசிரியரைப் பயிற்றினால் ஒரு பள்ளியே மைதானத்திற்கு வரும் என்பது அதன் கணக்கு. இத்தனைக்கும் பக் வெற்றியின் அருமை அறியாதவர் அல்லர். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்திற்குச் சென்ற இந்தியக் குழுவை நடத்திச் சென்றவர் அவரே. அதற்கு வீரரைத் தேர்ந்தெடுக்க மாகாணந்தோறும் போட்டிகள் நடந்தன. பின் டில்லியில் அகில இந்தியப் போட்டி நடந்தது. தேர்வு அவசியமே என்பதை அறிந்த அவர்தாம், ஆண்டு முழுவதும் தேர்வு பெறாதவர்களுக்காகவும் உழைத்தார்.

அங்குப் பயின்று வெளிவந்த ஆசிரியர்களோடு இரண்டு ஆட்டங்கள் தென்னாட்டுப் பள்ளிகளுக்குள் நுழைந்தன. ஒன்று கூடைப்பந்து, 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் வகுத்தது. மற்றொன்று கைப்பந்து, 1895-இல் வில்லியம் மார்கன் வகுத்தது. இரண்டும் அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ. கூடங்களிற் பிறந்தவை. இவற்றுட் கைப்பந்து பிறந்த கதை சுவையானது. கூடைப்பந்தின் மோதலைத் தாங்க இயலாத நடுத்தர வயது வியாபாரிகளுக்காகவே மார்கன் அதைச் சிந்தித்தார். நடுவே வலை, அவரவர் பக்கத்தில் அவரவர் நின்று ஆடலாம், ஒருவர்மேல் ஒருவர் விழவேண்டியதில்லை. வலியவர்க்கு ஈடுகொடுக்க முடியாதவருக்கென்று அமைத்த ஆட்டம், நாளடைவில் நம் கிராமத்து இளைஞரின் மாலைப்பொழுதையே தனதாக்கிக்கொண்டது. தஞ்சையிலோ நெல்லையிலோ இரு கம்பங்களுக்கிடையே கட்டிய வலையைக் கண்டிராத தமிழர் நம்முள் யார்?

ஐரோப்பிய ஆட்டங்களே எல்லார்க்கும் ஆனவை என்று எண்ணிவிடலாகாது. 1914-இல் விதர்ப்ப நாட்டு அமராவதியில் வைத்திய சகோதரர்கள் தோற்றுவித்த அனுமான் வியாயாம பிரசாரக மண்டலம், காசு செலவில்லாத சுதேச ஆட்டங்களைப் போற்றி வளர்த்தது. 1936-இல் பெர்லினுக்குச் சென்று, நாம் சடுகுடு என்றழைக்கும் கபடியை உலகோர் முன் ஆடிக் காட்டியதும் அம்மண்டலமே. மட்டையும் வேண்டாம், பந்தும் வேண்டாம்; ஒரு கோடும் ஒரு மூச்சும் போதும்.

நிற்க. சுதந்திரம் வந்தது. 1951-இல் டில்லியில் முதல் ஆசிய விளையாட்டு நடந்தது. 1953-இல் ராஜ்குமாரி அம்ருத் கௌர் பெயரால் பயிற்சித் திட்டம் வந்தது. 1954-இல் பள்ளி விளையாட்டுகளுக்கு அகில இந்திய சம்மேளனம் அமைந்தது. 1957-இல் குவாலியரில் உடற்பயிற்சிக் கல்லூரியும், 1961-இல் பாட்டியாலா அரண்மனையிற் பயிற்சியாளரை உருவாக்கும் தேசிய நிலையமும் தோன்றின. இவை யாவும் நற்பணிகளே. ஆனால் அவற்றோடு ஓர் ஏணியும் வந்து நின்றது. பள்ளியில் வென்றவன் வட்டத்திற்கு, வட்டத்தில் வென்றவன் மாவட்டத்திற்கு, பிறகு மாநிலத்திற்கு, அதன்பின் தேசியப் போட்டிக்கு என்று படிகள் அமைந்தன. படி ஏறியவனுக்கு உடையும் உணவும் பயிற்சியும் உண்டு. முதற்படியிற் சறுக்கியவன் வீட்டிற்குப் போகவேண்டியவன். பள்ளியில் உடற்பயிற்சி வகுப்பு அட்டவணையில் மட்டும் எஞ்சியது. கணக்கு வாத்தியார் பாடத்தை முடிக்க அதைக் கடன் வாங்கினார். அந்தக் கடன் திரும்பியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

நம் காலனிகளில் நடக்கும் பந்தயங்களையே எடுத்துக்கொள்வோம். தோற்றவர் விலகும் முறையில் 32 குழுக்கள் ஆடுகின்றன எனில், மொத்தம் 31 ஆட்டங்கள். முதற் சுற்றிலேயே 16 குழுக்கள் ஒரே ஓர் ஆட்டத்தோடு விடைபெறுகின்றன. இறுதிவரை செல்லும் இரு குழுக்களுக்கோ ஐந்து ஆட்டங்கள். பயிற்சி மிகுதியும் வேண்டியவனுக்கு ஓர் ஆட்டம்; நன்றாக ஆடத் தெரிந்தவனுக்கு ஐந்து! நால்வர் நால்வராகக் குழுக்களைப் பிரித்து, பிரிவுக்குள் ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஆடும்படி செய்தால், எவருக்கும் மூன்று ஆட்டங்களுக்குக் குறையாது. அதற்கு முதற் கட்டத்திற்கே 48 ஆட்டங்கள் நடத்தவேண்டும். கூடுதல் நாளும் நடுவரும் வேண்டும். சிரமந்தான். எனினும் விழாக் குழுவினர் மேடை அலங்காரத்திற்குப் படும் சிரமத்திற்கு இது அதிகமாகுமா என்று தெரியவில்லை.

முதற்படியிற் சறுக்கியவருள் எத்தகையோர் இருந்திருக்கக் கூடும் என்பதை நம் நாட்டுப் பெருவீரர் சிலரின் வரலாறே காட்டும். ஹாக்கி ஆட்டத்தின் மாயாவி எனப் புகழ்பெற்ற தியான் சந்த், 1922-இற் பதினாறு வயதில் இராணுவத்திற் சேர்ந்தார். அதற்கு முன் குறிப்பிடத்தக்க வகையில் ஹாக்கி ஆடியதாகத் தமக்கு நினைவில்லை என்று அவரே தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். மில்கா சிங்கும் இராணுவத்திற் சேர்ந்த பின்னரே ஓட்டக்காரரானவர். அங்கே முதன்முதலாக நெடுந்தூர ஓட்டம் ஒன்றில் ஓடி ஆறாவதாக வந்தார். முதற் பத்துப் பேரை மேற்பயிற்சிக்கு எடுத்துக்கொள்வது அங்கு வழக்கம். அதனால் அவர் தப்பினார். நம் மலரின் பட்டியலில் ஆறாமவருக்கு இடமில்லை. அவரே 1960-இல் ரோமாபுரியில் 400 மீட்டர் ஓட்டத்தில் உலகின் நான்காமவராக வந்தார். நம் காலத்தில், பானிபட் அருகே ஒரு சிற்றூரிற் பிறந்த நீரஜ் சோப்ரா, உடற்பருமனைக் குறைக்கட்டும் என்று வீட்டார் உடற்பயிற்சிக்கு அனுப்பிய பையன். மைதானத்திற் பிறர் ஈட்டி எறிவதைக் கண்டு தாமும் எடுத்தார். 2021 ஆகஸ்டு 7-ஆம் நாள் டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து பொற்பதக்கம் பெற்றார். பத்து வயதில் இம்மூவரையும் எந்த ஏணியும் ஏற்றியிராது. பட்டாளத்தின் வாயிலாகவும் வைத்திய யோசனை போன்றதொரு காரணத்தாலும் உள்ளே வந்தவர்கள் இவர்கள். இத்தகைய வாயில் கிடைக்காதோர் எத்தனை பேரோ?

சிறுவயதுத் தேர்வு எவ்வளவு ஏமாற்றக் கூடியது என்பதைக் கனடா நாட்டார் ஒரு வேடிக்கையான வழியிற் கண்டனர். ரோஜர் பார்ன்ஸ்லி என்னும் உளநூலார் தம் மனைவியாருடன் பனி ஹாக்கி ஆட்டம் பார்க்கச் சென்றிருந்தார். நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருந்த வீரரின் பிறந்த தேதிகளை அம்மையார் படித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சு மாதங்களிலேயே பிறந்திருக்கிறார்களே என்று வியந்தார். அதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1985-இல் வெளியிட்ட கட்டுரையில் உண்மை விளங்கிற்று. அந்நாட்டில் வயதுப் பிரிவைக் கணக்கிடும் நாள் ஜனவரி முதல் தேதி. ஜனவரியிற் பிறந்தவனும் டிசம்பரிற் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்பர். பத்து வயதில் ஓராண்டு வேற்றுமை என்பது வாழ்நாளிற் பத்தில் ஒரு பங்கு. மூத்தவன் உயரமாயிருப்பான், அவனைத் தேர்ந்தெடுப்பர், நல்ல பயிற்சியாளரும் கூடுதல் ஆட்டமும் அவனுக்கே கிடைக்கும், ஐந்தாண்டில் அவன் உண்மையாகவே சிறந்து விளங்குவான். "பார்த்தீர்களா, அன்றே சொன்னோம்!" என்று தேர்ந்தெடுத்தவர் மகிழ்வர். திறமையைக் கண்டுபிடித்ததாக எண்ணினர். கண்டுபிடித்தது பிறந்த மாதத்தையே.

நம் நாட்டிலோ இதன்மேல் இன்னொரு சிக்கல். சென்ற தலைமுறையில் நம்மவர் பலர்க்குப் பிறந்த நாளை நிர்ணயித்தவர் பள்ளித் தலைமையாசிரியரே என்பதை மூத்த வாசகர் அறிவர். இன்று வயதைக் குறைத்துக் காட்டிச் சிறுவர் பிரிவில் ஆடவைக்கும் பெற்றோரால், கை எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைச் சோதிக்கும் நிலைக்குக் கிரிக்கெட் வாரியம் வந்துவிட்டது. எலும்பும் எல்லார்க்கும் ஒரே வேகத்தில் முதிர்வதில்லை. பெண்கள் பன்னிரண்டு வயதையொட்டியும் ஆண்கள் பதினான்கை ஒட்டியும் விரைந்து உயர்வர் என்பது பொது விதி. ஆனால் பதின்மூன்று வயதுப் பையன் இருவருள் ஒருவன் ஏறக்குறைய வாலிபனாகவும் மற்றவன் குழந்தையாகவும் நிற்பதை எந்த வகுப்பிலும் காணலாம்.

சிறுவயதிலேயே மலர்ந்தோரும் உளர் என்பதை மறைக்கவேண்டியதில்லை. கல்கத்தாவின் ஆரத்தி சாகா, 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நீந்தியபோது அவருக்கு வயது பதினொன்று. 1959-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்மணியும் அவரே. ஆயினும் தேர்ந்தெடுத்தலோடு பொறுமையும் சேர்ந்தபோது என்ன விளைகிறது என்பதற்கு நமக்கு அண்மையிலுள்ள சான்று கேரளத்துக் கண்ணூர். 1976-இல் அம்மாநில அரசு அங்கே சிறுமியர்க்கென விளையாட்டுப் பிரிவொன்றை ஏற்படுத்திற்று. சேர்ந்த நாற்பது சிறுமியருள் பய்யோளியைச் சேர்ந்த பி.டி. உஷாவும் ஒருவர். விமானப்படையிற் பணியாற்றிய ஓ.எம். நம்பியார் அவருக்குப் பயிற்சியாளரானார். தங்க இடம், உண்ண உணவு, படிக்கப் பள்ளி, ஆண்டுதோறும் மாறாத ஓர் ஆசிரியர் ஆகியவை ஒரு மீனவக் கடற்கரையோரத்துச் சிறுமிக்கு ஒருங்கே கிடைத்தன. எட்டாண்டுகளுக்குப் பின், 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 400 மீட்டர் தடையோட்டத்தை 55.42 வினாடியில் ஓடி, வினாடியில் நூறில் ஒரு பங்கால் வெண்கலத்தை இழந்தார். 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு பொன்னும் ஒரு வெள்ளியும் கொணர்ந்தார். நம் காலனிகளிலோ, ஐந்தாம் வகுப்புவரை பையன்களுக்குச் சமமாக ஓடும் பெண் குழந்தை எட்டாம் வகுப்பிற்குள் மைதானத்திலிருந்து மறைந்துவிடுகிறாள். யாரும் போகச் சொல்வதில்லை. யாரும் ஏன் வரவில்லை என்று கேட்பதுமில்லை.

பொறுமையை ஒரு முறையாகவே வகுத்தவர் ஹங்கேரியிற் பிறந்து கனடாவிற் குடியேறிய இஸ்த்வான் பால்யி. 1990-களில் அவர் தொடங்கிய சிந்தனையைக் கனடா 2005-இல் தேசிய ஏற்பாடாகவே மேற்கொண்டது. குழந்தை முதலில் மகிழ்ந்து ஓடட்டும். பிறகு ஓடவும் தாவவும் எறியவும் பிடிக்கவும் கற்கட்டும். பல ஆட்டங்களை ஆடிய பிறகே ஒன்றிற் புகட்டும். போட்டிக்கெனப் பயிலுவதும் வெல்லுவதற்கெனப் பயிலுவதும் அதற்கும் பிந்தியவை. வெல்லாதவரும் வாழ்நாள் முழுதும் ஆடவேண்டும் என்பது அதன் சாரம். இன்ன வயதில் இன்ன பயிற்சியே பலிக்கும் என்று அதில் வகுத்த எல்லைகளுக்குச் சான்று போதாது என 2011-இல் ஆராய்ச்சியாளர் சிலர் குறை கூறினர். குறையில் நியாயம் உண்டு. ஆயினும் வரிசையைப் பற்றி எவரும் அவ்வளவாகச் சண்டையிடவில்லை.

நார்வே நாட்டினர் இன்னும் துணிந்தனர். 1987-இற் குழந்தைகளின் விளையாட்டிற்கு விதிகள் வகுத்து, 2007-இல் அவற்றைக் குழந்தைகளின் உரிமைகள் என்றே அறிவித்தனர். பதினோரு வயதிற்கு முன் தரவரிசைப் பட்டியல் வெளியிடக் கூடாது. பதின்மூன்றிற்கு முன் தேசியப் போட்டி கூடாது. பரிசு கொடுப்பதாயின் எல்லாக் குழந்தைக்கும் கொடுக்கவேண்டும். இப்படிச் செல்லம் கொடுத்தால் வீரர் எங்கிருந்து வருவர் என்று நம் அன்பர் கேட்கக் கூடும். 2018 பனிக்கால ஒலிம்பிக்கில் அந்நாடு 39 பதக்கங்கள் பெற்றது. 2022-இல் 16 பொன் உட்பட 37. இரண்டு முறையும் உலகில் அதிகம் பெற்ற நாடு அதுவே. அதன் மக்கள் தொகையோ சென்னை மாநகரத்தினும் குறைவு. பனியும் செல்வமும் அவர்களுக்கு உண்டு, நமக்கு இல்லை என்பது மெய்யே. பட்டியல் போடாமலிருக்கப் பனி வேண்டுமா என்ன?

இனி, பட்டியலில் மட்டுமன்றிக் கோட்டருகிலும் நிறுத்தப்படாத பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். 1948 ஜூலை 29-ஆம் நாள், இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், முதுகுத் தண்டு முறிந்த போர்வீரர்க்கென லுட்விக் குட்மன் என்னும் வைத்தியர் வில்வித்தைப் போட்டியொன்றை நடத்தினார். கலந்துகொண்டோர் பதினாறு பேர். அன்று முளைத்ததே இன்றைய பாராலிம்பிக். 1965 யுத்தத்திற் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர், 1972-இல் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலை 37.33 வினாடியில் முடித்து, இந்தியாவின் முதற் பாராலிம்பிக் பொன்னைப் பெற்றார். அடுத்த பொன்னுக்கு நாடு முப்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருக்கவேண்டியிருந்தது. எட்டு வயதில் மின்கம்பி தாக்கி இடக்கையை இழந்த ராஜஸ்தானத்துத் தேவேந்திர ஜஜாரியா, 2004-இல் ஏதென்ஸ் நகரில் ஈட்டியெறிந்து அதைக் கொணர்ந்தார்.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் மாரியப்பன் தங்கவேலுவின் வலக்காலின்மேல் பேருந்து ஏறியபோது அவருக்கு வயது ஐந்து. தாயார் காய்கறி விற்று வளர்த்தார். பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் அப்பையனை உட்காரச் சொல்லாமல் தாண்டச் சொன்னார். ஊனமில்லாத மாணவரோடு நின்று தாண்டிப் பதினான்காம் வயதில் இரண்டாமவராக வந்தார். 2016-இல் ரியோ நகரில் 1.89 மீட்டர் தாண்டிப் பொன். 2021-இல் டோக்கியோவில் வெள்ளி. 2024-இல் பாரிஸில் வெண்கலம்.

அதே பாரிஸில் இந்தியா பெற்ற பாராலிம்பிக் பதக்கங்கள் 29. தமிழகப் பெண்கள் மூவர் இறகுப்பந்தாட்டத்தில் அவற்றுள் மூன்றைப் பெற்றனர். குட்டையுருவினர்க்கான பிரிவில் நித்யஸ்ரீ சிவன் வெண்கலம் வென்றார். கை குறைபாடுடையோர் பிரிவின் அரையிறுதியில் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசனும் திருவள்ளூரைச் சேர்ந்த மணீஷா ராமதாஸும் வலையின் இருபுறமும் எதிரெதிரே நின்றனர். துளசிமதி வென்று வெள்ளிக்குச் சென்றார். மணீஷா மறுநாள் வெண்கலத்திற்காக மீண்டும் ஆட வந்தார், வென்றார்.